வளைவில் எரிந்த விளக்கு

நெரிஸ் மோட்டார்சைக்கிளை விட்டதற்குக் காரணம் விபத்து என்றுதான் ஊரில் பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பிப்ரவரியில் சாதாரண ஜலதோஷம் மாதிரி ஏதோ வந்தது. காய்ச்சல் இறங்கியபோது, இடது காதுக்குள்ளே உடம்பை நிமிர்த்திப் பிடிக்கிற நரம்பையும் சேர்த்துக்கொண்டு போய்விட்டது. கொஞ்ச காலம் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். பிறகு தேறிவிட்டாள். ஆனால் கண்ணை மூடினால் எது மேல், எது கீழ் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. கார் ஓட்டலாம், இரண்டு சக்கரம் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எனக்கு எதிர்வீடு அவர்களுடையது. நடுவில் ஒரு சந்துதான். நெரிஸ் லட்லோ ஊரில் இருக்கிற கால்நடை ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாய்க்கும் பூனைக்கும் அறுவை நடக்கும்போது மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டிருப்பது அவள் வேலை. அவள் புருஷன் க்ளெம் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். சுபாவத்திலேயே பிரேக்கில் கால் வைத்திருக்கிற ஆள்.

மோட்டார்சைக்கிளை அவள் விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கி எஞ்சினை ஓடவிடுவாள். பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு அணைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அந்தச் சத்தம் எங்கள் வீட்டுச் சமையலறை வரைக்கும் வரும். ஒரு ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை.

அன்றைக்கு மத்தியானம் க்ளெம் என் கதவைத் தட்டினான்.

"ஆல்பன், உங்க கார் கிளப்புல ஒருத்தன் சின்ன கார் வெச்சிருக்கானே. கூரையும் இல்லாம கதவும் இல்லாம. அதுல பைக் எஞ்சின்தானே இருக்கு?"

"ஆமா. பாகம் பாகமா வாங்கி வீட்லயே பூட்டினது. எதுக்குக் கேக்குற?"

"நெரிஸோட எஞ்சினை அப்படி ஒண்ணுல வெச்சா என்ன? அவ அக்கா வீட்டுக்குப் போறப்ப சத்தமில்லாம கழட்டிடலாம். திடீர்னு காட்டலாம்னு பாக்குறேன்."

"அவளைக் கேக்காம அவ பைக்கைக் கழட்டினேன்னு வை, அப்புறம் உன்னைத்தான் பாகம் பாகமா பூட்ட வேண்டியிருக்கும். போய் முதல்ல கேளு."

கேட்டான். அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாளாம். ஆனால் அந்த வாரக் கடைசியில் நான் ஷெட்டுக்குப் போனபோது அவளே ஸ்பானரோடு குந்தி உட்கார்ந்திருந்தாள். எஞ்சினைத் தாங்குகிற போல்ட்டுகளில் ஒன்று ஏற்கெனவே அவள் உள்ளங்கையில் இருந்தது.

"எஞ்சினை மட்டும் எடுங்க. மத்ததை என் கண்ணுல காட்டாதீங்க. யாருக்காவது குடுத்துடுங்க" என்றாள்.

அந்தக் கார் கட்டி முடிய இரண்டு குளிர்காலம் பிடித்தது. எனக்கு வெல்டிங் தெரியும். அதனால் ஷெட்டில் எனக்கும் ஒரு இடம் கிடைத்தது. அவர்கள் வீட்டுக் கூடத்தில் சோபாவுக்குப் பின்னால் ஸ்டியரிங், சோபாவுக்கு மேலே சீட்டு, குளியலறையில் முன்பக்க மூக்கு. எஞ்சினை இறக்கி வைத்த அன்றைக்கு க்ளெம் பெருமையாக ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். கடையில் இருந்ததிலேயே உசத்தியான கார் ஆயில். மூடியைத் திருகிவிட்டான். நெரிஸ் எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்ன ஊத்தப் போற?"

"ஆயில். இதைவிட நல்லது கிடையாதுன்னு கடைக்காரன் சொன்னான். நாலு சக்கரம் வந்தாச்சு, அப்ப கார் ஆயில்தானே?"

"சக்கரத்துக்கா ஊத்தப் போற?"

நான் திரும்பிக்கொண்டு சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. டப்பாவை வாங்கிக் கீழே வைத்தாள்.

"கார்ல எஞ்சினுக்கு ஒரு ஆயில், கியருக்கு வேற ஆயில். கிளட்ச் காஞ்சு தனியா கெடக்கும். இதுல அப்படி இல்ல க்ளெம். எஞ்சின், கியர், கிளட்ச் எல்லாம் ஒரே ஆயில்ல குளிக்குது. கார் ஆயில்ல நல்லா வழுக்கணும்னு என்னென்னவோ சேத்திருப்பாங்க. எஞ்சினுக்கு அது சந்தோஷம். கிளட்சுக்கு? அதோட தொழிலே வழுக்காம பிடிக்கிறதுதான். இதை ஊத்தினா நீ ஆக்ஸிலேட்டரை மிதிப்ப, எஞ்சின் கத்தும், கார் நின்ன இடத்துலயே நிக்கும்."

"அப்ப பைக்குக்கு ஊத்தினதையே ஊத்திடலாமா?"

"அதையேதான். ஆனா சீக்கிரம் சீக்கிரம் மாத்தணும். என்னை ஒருத்தியைச் சுமந்த எஞ்சின். இப்ப ஒரு காரையே இழுக்கப் போகுது. கியர் பல்லு ஆயிலை அரைச்சு அரைச்சுத் தண்ணியாக்கிடும்."

இன்னொரு சிக்கலையும் அவள்தான் சொன்னாள். மேஜை மேலிருந்த தேநீர்க் கோப்பையை எடுத்து, சாய்க்காமல் நேராகவே பிடித்துச் சட்டென்று பக்கவாட்டில் நகர்த்தினாள். தேநீர் ஒரு பக்கமாக ஏறித் தளும்பியது.

"பைக் வளைவுல சாயும். அதனால ஆயில் அடியிலயே கெடக்கும். வளைவுல போறோம்னே அதுக்குத் தெரியாது. கார் சாயாது. ஆயில் பூரா ஒரு பக்கமா ஓடிடும். உறிஞ்சற குழாய் காத்தை உறிஞ்சும். அந்த நேரத்துல எஞ்சினுக்குள்ள இரும்பும் இரும்பும் நேருக்கு நேர்."

"உன் காது மாதிரின்னு சொல்லு" என்றான் க்ளெம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் விளையாட்டாகப் பேசியதே கிடையாது.

நெரிஸ் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "அதே வியாதிதான். ஆனா இதுக்கு வைத்தியம் இருக்கு. ஆல்பன், ஆயில் சட்டிக்குள்ள தடுப்புத் தகடு வெச்சு வெல்ட் பண்ணித் தர்றியா?"

பண்ணிக் கொடுத்தேன். எஞ்சின் காருக்குள் பைக்கில் இருந்ததைவிடக் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அதனால் ஆயில் அளவு பார்க்கிற சின்ன வட்டக் கண்ணாடியில் இருந்த பழைய கோடு உதவாது. ஷெட்டின் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஆயிலை அளந்து ஊற்றி, எஞ்சினைச் சூடாக்கி அணைத்து, ஆயில் வடிந்து இறங்கும் வரை காத்திருந்து, கண்ணாடியின் மேல் சிவப்பு நகப்பூச்சால் புதுக்கோடு போட்டாள். வாழ்நாளில் அவள் நகப்பூச்சு வாங்கியது அந்த ஒரு தடவைதான் என்று க்ளெம் சொன்னான்.

வின்ஸ்டோ மேட்டுப் பந்தயம் செப்டம்பரில். பழைய பண்ணை மாளிகை ஒன்றுக்கு ஏறிப் போகிற தனிப் பாதை அது. வருஷத்தில் சில நாள் எங்கள் கிளப்புக்கு விடுவார்கள். ஒவ்வொரு வண்டியாகக் கீழிருந்து மேலே ஏற வேண்டும். கடிகாரத்தோடுதான் போட்டி. ஒரே காரை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டலாம். நெரிஸும் க்ளெமும் அப்படித்தான் பேர் கொடுத்திருந்தார்கள்.

வீட்டிலிருந்து அந்தக் காரையே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். நான் என் வேனில் பின்னால் வந்தேன். வண்டிகள் நிறுத்துகிற புல்வெளி முழுக்கச் சரிவு. பக்கத்து இடம் ரோலண்டுக்கு. பெரிய எட்டு சிலிண்டர் வண்டி வைத்திருக்கிறவன். குரலும் எட்டு சிலிண்டர்தான்.

"யோவ் க்ளெம்! தையல் மிஷினைக் கொண்டு வந்துட்டியா? எனக்கு ஒரு பேன்ட் கிழிஞ்சிருக்கு, தெச்சுக் குடு."

"உன் இடுப்பளவுக்கு நூல் பத்தாதுய்யா" என்றாள் நெரிஸ், கண்ணாடி வட்டத்தைக் குனிந்து பார்த்தபடி. ஆயில் சிவப்புக் கோட்டுக்கு மேலேயே இருந்தது. "நிறைய இருக்கு" என்று சொல்லி எழுந்தாள்.

காலையில் பழகுவதற்கான ஓட்டம். இரண்டு பேரும் போனார்கள். நெரிஸ் நிதானமாகவே ஓட்டினாள். பாதியில் தலை சுற்றுமோ என்று ஒரு பயம் அவளுக்கு உள்ளூர இருந்திருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. மேலேயிருந்து இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. மத்தியானம் கணக்கில் சேரும் ஓட்டம். க்ளெம் முதலில், பிறகு நெரிஸ்.

க்ளெம் போனான். நான் ஓக் மரத்தடி வளைவுக்கு எதிரே வேலியோரம் நின்று பார்த்தேன். பஸ் ஓட்டுகிறவனா இவன் என்று ஆச்சரியப்படும்படி அந்த நீண்ட வலது வளைவில் வந்தான். ஆனால் வளைவின் நடுவில் சட்டென்று ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்தது சத்தத்திலேயே தெரிந்தது. அதற்குப் பிறகு மேடு முழுவதும் ஏதோ ஊர்வலம் போகிற மாதிரி போனான்.

நான் புல்வெளிக்குத் திரும்பியபோது அவன் இறங்கி வந்திருந்தான். நெரிஸ் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மழை வரும் போல இருக்கு. போதும், வீட்டுக்குப் போயிடலாமா?" என்றான் க்ளெம்.

நெரிஸ் நிமிர்ந்து பார்த்தாள். கழுவித் துடைத்த மாதிரி வானம்.

"மழையா?"

"மேற்குப் பக்கம் கறுக்குது. அதோட எனக்கு இடுப்பும் ஒரு மாதிரி பிடிச்சுக்கிச்சு."

"மழையா, இடுப்பா? ஒண்ணைச் சொல்லு."

அவன் ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். என்னைப் பார்த்தான். எனக்கு அங்கே நிற்பதா போவதா என்று தெரியவில்லை. நின்றேன்.

"க்ளெம். நான் தினமும் வாய் பேசாத ஜீவன்களைப் பாத்துக்கிட்டிருக்கேன். எங்க வலிக்குதுன்னு அதுங்க சொல்லாமலே எனக்குத் தெரியும். உனக்கு வாய் இருக்கு. சொல்லு."

"விளக்கு எரிஞ்சுச்சு."

"எந்த விளக்கு?"

"ஆயில் விளக்கு. ஓக் மர வளைவுல. ஒரு தடவை மின்னிச்சு. அப்புறம் நல்லாவே எரிஞ்சுச்சு. கால் எடுத்த உடனே அணைஞ்சுடுச்சு."

நெரிஸ் கையுறைகளை மெதுவாகக் கழற்றினாள். கோபப்பட்டால் அவள் கத்த மாட்டாள். குரல் இறங்கும்.

"இதை ஏன் மழைன்னு சொன்ன?"

"நீ ஓட்டுறப்ப எஞ்சின் இறுகிட்டா பின்சக்கரம் ரெண்டும் அப்படியே பூட்டிக்கும். பக்கத்துல மரம். நினைச்சுப் பாத்தேன், முடியல. உண்மையைச் சொன்னா நீ என்னவாவது பண்ணிச் சரி பண்ணி, போயே தீருவேன்னு நிப்ப. அதான்..."

"அதான், நான் முடிவு பண்றதுக்கு முன்னாடி நீயே எனக்காக முடிவு பண்ணிட்ட."

"உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு..."

"எனக்கு ஆக வேண்டியது ஆயாச்சு க்ளெம்! மூணு வருஷமா பாக்குறேன். படியில நீ எனக்குப் பின்னாடியே வர்ற. ஏணியை ஒளிச்சு வெக்கிற. டாக்டர்கிட்டேர்ந்து வந்த லெட்டரை முதல்ல நீ படிச்சுட்டுத்தான் எனக்குக் குடுக்குற. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? என் காதுதான் கெட்டிருக்கு. புத்தி கெடல."

ரோலண்ட் தன் வண்டிக்குப் பின்னால் ஏதோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான். க்ளெமின் கண் கலங்கியிருந்தது. நெரிஸ் கையுறைகளைச் சீட்டில் எறிந்துவிட்டுக் காரின் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"ஆயில் கோட்டுக்கு மேலதானே இருக்கு. தகடும் இருக்கு. அப்புறம் ஏன் விளக்கு எரியணும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து நின்றாள். கையை நீட்டிக் காரின் மேல் வைத்தாள். சுற்றியுள்ள வேலியைப் பார்த்தாள், மாளிகையின் புகைபோக்கியைப் பார்த்தாள்.

"இந்தத் தரை சரிவா?"

"நல்ல சரிவு. உனக்குத் தெரியலையா?" என்றேன்.

"எனக்குத் தெரியாது ஆல்பன். காலுக்கடியில இருக்கிறது எனக்குத் தெரியாது. கண்ணால எதையாவது நேரா நிக்கிறதைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். காலையில நான் பாக்கல." குரலில் வருத்தம் இல்லை. கணக்குப் போடுகிற குரல் அது. "கண்ணாடி இருக்கிற பக்கம் தாழ்வு. ஆயில் பூரா இந்தப் பக்கம் வந்து நிக்குது. அதான் நிறைஞ்ச மாதிரி காட்டுது. நிமிர்ந்து நின்னா எவ்வளவு இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

எனக்கும் தெரியவில்லை, க்ளெமுக்கும் தெரியவில்லை. எங்கள் காது இரண்டும் நன்றாகத்தான் இருந்தது. சரிவில் நிற்கிறோம் என்று எங்களுக்குத் தெரிந்துமிருந்தது. அதை ஆயிலோடு சேர்த்து யோசிக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

மாளிகைக் குதிரை லாயத்தின் முற்றம் கான்கிரீட் போட்ட சமதளம். அங்கே போக வேண்டும் என்றால் முதலில் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். பைக் எஞ்சினில் பின்னால் போகிற கியர் ஏது? மூன்று பேரும் தள்ளினோம். ரோலண்ட் தானாக வந்து கைகொடுத்தான். மூச்சிரைத்தாலும் வாய் ஓயவில்லை. "பின்னாடி போகத் தெரியாத வண்டி, தோத்தாலும் ஒத்துக்காத பொம்பளை. நல்ல ஜோடிதான்." க்ளெமைத் தவிர எல்லோரும் சிரித்தோம்.

சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினைக் கொஞ்சம் ஓட்டி அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். நெரிஸ் முற்றத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். க்ளெம் தள்ளி நின்றான். ஆயில் வடிந்து இறங்கியதும் அவள் அவனைத்தான் கூப்பிட்டாள்.

"நீ வந்து பாத்துச் சொல்லு."

அவன் குனிந்து பார்த்தான். "கோட்டுக்குக் கீழ. ரொம்பக் கீழ. கண்ணாடியில அடி ஓரத்துல மட்டும்தான் தெரியுது."

காலையில் நெடுஞ்சாலையில் வந்த ஓட்டம், பிறகு மேட்டில் கத்தக் கத்த ஓட்டியது, எல்லாமாக ஆயிலைக் குடித்திருக்கிறது. மீதி ஆயில் டப்பா வீட்டில் ஷெட்டு மேஜை மேல் பத்திரமாக இருந்தது.

ரோலண்ட் உடனே போய் ஒரு டப்பாவோடு வந்தான். "இந்தா. உசத்திச் சரக்கு. பூராவும் ஊத்திக்கோ, காசெல்லாம் வேண்டாம்."

நெரிஸ் வாங்கி டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள். "மனசு நல்ல மனசுய்யா உனக்கு. ஆனா இது கார் ஆயில். இதை ஊத்தினா கிளட்ச் வழுக்கும். எனக்கு பைக் ஆயில் வேணும்."

"பைக் ஆயிலுக்கு இங்க எங்க போவ?"

எல்லோருக்கும் பதில் தெரியும். பார்வையாளர் பக்கம் கீழ் வயலில் பைக்குகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. காலையில் வந்தபோது நெரிஸ் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை என்பதை நான் கவனித்திருந்தேன்.

"நான் போய்க் கேட்டுட்டு வர்றேன்" என்றான் க்ளெம். ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றான். அவளைத் திரும்பிப் பார்த்தான். "இல்ல... நீ போறியா?"

நெரிஸ் கீழ் வயலைத் திரும்பிப் பார்த்தாள். "போறேன்" என்றாள். "ஆல்பன், நீயும் வா."

வயலில் பைக்குகள் பக்கவாட்டுத் தாங்கிகளில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. வெயிலில் சூடேறிய ரப்பர் வாடையும் பெட்ரோல் வாடையும். நெரிஸ் முதல் வரிசைக்கு வந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். புல்தரையில் நடக்க அவளுக்கு எப்போதும் ஏதாவது பிடிமானம் வேண்டும். அதற்காக மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை. கடைசி வரிசையில் ஒரு பெண் பைக்கின் பக்கப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். தூசியைப் பார்த்தால் வெகுதூரம் வந்தவள் போலிருந்தது.

"ஏம்மா, ஆயில் ஏதாவது கையில வெச்சிருக்கியா? பைக் ஆயில்?" என்று நெரிஸ் கேட்டாள்.

"இருக்குங்க. இந்தப் பைக் கிழவி நல்லா ஆயில் குடிப்பா, அதனால எப்பவும் ஒரு டப்பா இருக்கும். உங்க பைக் எங்க நிக்குது?"

நெரிஸ் ஒரு கணம் தயங்கினாள். "கார்ல இருக்கு" என்றாள்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. நெரிஸ் சொன்னாள். காய்ச்சலில் ஆரம்பித்து, காது, ஷெட்டு, முக்காலி, எல்லாம் சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்கே சில விஷயம் அன்றைக்குத்தான் தெரிந்தது. எஞ்சினைக் கேட்பதை நிறுத்தியது ஏன் என்றும் அப்போதுதான் சொன்னாள். ஒரு ஞாயிறு முக்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஓட்டிக்கொண்டிருக்கிற நினைப்பில் உடம்பு தானாக வளைவுக்குச் சாய்ந்ததாம். முக்காலியிலிருந்து விழுந்துவிட்டாளாம். க்ளெமிடம் அதைச் சொல்லவில்லையாம்.

அந்தப் பெண் வாயில் இருந்ததை மெல்வதற்கு மறந்து கேட்டாள். பிறகு அரை டப்பா ஆயிலை எடுத்து நீட்டினாள். "கிரேடு உங்களுதான்னு தெரியலீங்க. என்னுது கொஞ்சம் கெட்டி."

நெரிஸ் பின்பக்கம் பார்த்தாள். ஆயிலில் குளிக்கிற ஈரக் கிளட்சுக்கு ஆகும் என்ற குறி இருந்தது. "கொஞ்சம் கெட்டியா இருந்தா பரவாயில்ல. ஒரு நாளைக்குக் கலந்துக்கலாம். வழுக்குற சரக்கு இல்லாம இருந்தா போதும்."

"ஒரு தடவை ஏறி உக்காந்து பாக்குறீங்களா? தாங்கியிலதான் நிக்குது."

"வேண்டாம்மா" என்றாள் நெரிஸ். ஆனால் பெட்ரோல் தொட்டியின் மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "அழகா வெச்சிருக்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

முற்றத்தில் க்ளெம் தயாராக இருந்தான். துணி, புனல், ஸ்பானர், எல்லாம் வரிசையாக. ஊற்றுவதற்கு முன் நெரிஸ் ஆயில் சட்டியின் அடித் திருகைக் கொஞ்சம் தளர்த்திச் சில சொட்டு ஆயிலை வெள்ளைக் கோப்பையில் பிடிக்கச் சொன்னாள். எஞ்சினுக்குள் சுழல்கிற ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருந்தால் செம்புத் தூள் மின்னும். காந்தத்தில் அது ஒட்டாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். கோப்பையை வெயிலில் சாய்த்துச் சாய்த்து மூன்று பேரும் பார்த்தோம். கறுப்புத்தான். மினுக்கம் இல்லை.

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் தப்பிச்சிடுச்சு. தெரியாதது எவ்வளவோ இருக்கு" என்றாள் நெரிஸ். க்ளெமைப் பார்த்தாள். "நீ என்ன நினைக்கிற? உள்ளதைச் சொல்லு."

அவன் கொஞ்சம் யோசித்தான். "எனக்குப் பயமா இருக்கு. நீ போக வேண்டாம்னுதான் எனக்கு இருக்கு. ஆனா ஆயில் இப்ப சரியா இருக்கு. அந்த வளைவுல கால் எடுத்தா விளக்கு எரியாது. நான் பாத்தேன்."

"சரி. நான் போறேன். வளைவுல கால் எடுக்கிறேன். விளக்கு எரிஞ்சா அந்த நொடியே கிளட்சை மிதிச்சு எஞ்சினை அணைச்சுடறேன். போதுமா?"

"போதும்னு இல்ல. ஆனா சரி."

ஊற்றினார்கள். கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே வரும்வரை ஊற்றினார்கள். புறப்படும் இடத்துக்கு அவளை அனுப்பிவிட்டு நானும் க்ளெமும் வேலியோரம் ஓடினோம். அவன் என் தோளைப் பிடித்திருந்தான். வலிக்கும்படி பிடித்திருந்தான்.

அந்த எஞ்சின் சத்தம் கீழேயிருந்து கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமைகளில் நின்ற இடத்திலேயே உறுமிய சத்தம் இப்போது மேடேறி வந்தது. ஓக் மர வளைவில் சத்தம் குறைந்தது. சொன்னபடி கால் எடுத்துவிட்டாள். கார் எங்களைக் கடந்தபோது அவள் தலை முழுக்க உள்பக்கம் சாய்ந்திருந்தது. கார் சாயவில்லை. அவள் மட்டும் சாய்ந்திருந்தாள். வளைவு முடிந்ததும் எஞ்சின் திரும்ப உச்சக் குரலுக்குப் போய், மரங்களுக்குப் பின்னால் மறைந்து, மேலே எங்கேயோ ஓய்ந்தது.

அவர்கள் பிரிவில் கடைசிக்கு முந்தின இடம் அவளுக்கு. ஊர்வலம் போன க்ளெம்தான் கடைசி. இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றிய உடனே, "எரியல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். க்ளெம் காருக்குள்ளேயே குனிந்து அவளைக் கட்டிக்கொண்டான். ரோலண்ட் தூரத்திலிருந்து, "பேன்ட் எப்ப தெச்சுத் தருவீங்க?" என்று கத்தினான்.

நவம்பரில் எஞ்சினைத் திறந்தோம். திறந்து பார்த்துவிடலாம் என்று நெரிஸ்தான் சொன்னாள். அன்றைக்கு அவளுக்கு ஆஸ்பத்திரியில் அவசர வேலை வந்துவிட்டது. நானும் க்ளெமும்தான் ஷெட்டில். பேரிங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைத்தோம். முதலாவது நன்றாக இருந்தது. இரண்டாவதில் மேல்பூச்சு முழுக்க அழிந்து செம்பு தெரிந்தது. விரல் வைத்தால் சொரசொரப்பு. வின்ஸ்டோவில் கோப்பையில் அது தெரிந்திருக்கவில்லை. இன்னும் சில ஓட்டம் ஓடியிருந்தால் க்ளெம் பயந்தது நடந்திருக்கும்.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் எடுத்த முடிவு கொஞ்சம் தப்புத்தான். அதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது. புதுப் பேரிங்கைப் போட்டு மூடிவிட்டால் அவளுக்குத் தெரியவே தெரியாது. க்ளெம் என் முகத்தைப் பார்த்தான். அவன் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். ஒலிபெருக்கியில் போட்டான்.

"நெரிஸ், வேலையா இருக்கியா?"

"ஒரு நாய்க்குக் கால்ல கட்டுப் போட்டு முடிச்சேன். சொல்லு."

"ரெண்டாவது பேரிங் போயிடுச்சு. செம்பு தெரியுது. அன்னிக்கு நீ ஓட்டுறப்பவே போயிருந்திருக்கும். மயிரிழையில தப்பிச்சிருக்கோம்."

அந்தப் பக்கம் ஒரு நாய் முனகுவது மட்டும் கேட்டது.

"ஷாஃப்ட் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"விரலை வெச்சுப் பாத்தேன். வழுவழுன்னு இருக்கு. கீறல் இல்ல."

"நல்லது." கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "க்ளெம், அன்னிக்கு நான் நினைச்சதை விடப் பெரிய ஆபத்துதான் இல்ல?"

"ஆமா."

"நீ பயந்ததுல நியாயம் இருந்திருக்கு."

"இருந்துச்சு. ஆனா மழைன்னு சொன்னதுல இல்ல."

அவள் சிரித்தாளா, மூச்சு விட்டாளா என்று போனில் தெரியவில்லை. "ஆழமான ஆயில் சட்டி ஒண்ணு பண்ணணும். அந்த வளைவுல கால் எடுக்காம போகணும் எனக்கு. ஆல்பன் இருக்கானா அங்க? தகடு எவ்வளவு வேணும்னு அவனைக் கேட்டு வை. நான் வர்ற வழியில மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் வாங்கிட்டு வர்றேன்."

"ஆல்பனுக்கும் சேத்து வாங்கு" என்றான் க்ளெம். போனை வைத்துவிட்டு அளவெடுக்கிற டேப்பை எடுத்து என்னிடம் நீட்டினான்.